முட்டி வலிக்கு வெந்நீர் ஊற்றுக் குளியல்: பிரான்ஸ் அரசே பணம் தரும் சிகிச்சையில் எவ்வளவு பலன்?

பிரான்ஸின் தென்மேற்கில், அதூர் ஆற்றங்கரையில் இருக்கிறது டாக்ஸ் என்ற ஊர். ஊரின் நடுவே ஓர் ஊற்று. அதிலிருந்து வரும் தண்ணீரின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இந்த ஊருக்கு வருகிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். சுற்றிப் பார்க்க அல்ல. கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும். மூன்று வாரம் தங்கி, வெந்நீர்க் குளியல், முட்டியில் சூடான சேற்றுப் பற்று, தண்ணீருக்குள் பயிற்சி என எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். சிகிச்சைக் கட்டணத்தின் பெரும்பகுதியை அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீடே ஏற்றுக்கொள்கிறது.

ஸ்பா என்றாலே நம்ம ஊரில் நினைவுக்கு வருவது வேறு. மால் மாடியில் மெழுகுவர்த்தி, வாசனை எண்ணெய், ஒரு மணி நேர மசாஜ். பிரான்ஸ், இத்தாலி, ஹங்கேரி போன்ற நாடுகளில் ஸ்பா என்பது மருத்துவத்தின் ஒரு பிரிவு. பூமிக்கடியிலிருந்து வரும் கனிமம் கலந்த வெந்நீரை வைத்து மூட்டு வலி, தோல் நோய், மூச்சுக் கோளாறு ஆகியவற்றுக்குச் சிகிச்சை தரும் இடம் அது. அங்கு வருபவர்களில் மிகப் பெரிய கூட்டம் மூட்டு வலிக்காரர்கள்தான்.

இந்தச் சிகிச்சையால் முட்டி வலி உண்மையிலேயே குறைகிறதா? குறைகிறது என்றால் எவ்வளவு நாளைக்கு? அதைவிட முக்கியமாக, குறைப்பது அந்தத் தண்ணீரா, வேறு ஏதாவதா?

முட்டி 'தேய்ந்துபோவது' என்றால் என்ன?

"முட்டி தேஞ்சுபோச்சு, வயசானா அப்படித்தான்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. மருத்துவத்தில் இதற்குப் பெயர் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தை போல இருக்கிறது. அது மெலிந்து, வெடித்து, அங்கங்கே இல்லாமலும் போகிறது. ஆனால் பாதிப்பு அதோடு நிற்பதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்குகிறது, எலும்பு ஓரத்தில் முள் போல வளர்கிறது, வலிக்குப் பயந்து நடப்பதைக் குறைப்பதால் தொடைத் தசை இளைக்கிறது. தசை இளைத்தால் மூட்டு மீது விழும் சுமை கூடுகிறது. சுமை கூடினால் வலி கூடுகிறது. வலி கூடினால் நடை இன்னும் குறைகிறது. இந்தச் சுழலில்தான் பெரும்பாலான முதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2019ல் உலகம் முழுக்க சுமார் 52.8 கோடிப் பேருக்கு ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் இருந்தது. அவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முட்டிதான்: சுமார் 36.5 கோடிப் பேர்.

தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து இதுவரை இல்லை. வலி மாத்திரைகள் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். 65, 70 வயதைத் தாண்டியவர் அதை மாதக்கணக்கில் தினமும் விழுங்கினால் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் கூடுவது என்று வேறு பிரச்சினைகள் வரிசை கட்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதனால்தான் மாத்திரை இல்லாமல் வலியைக் குறைக்கும் எந்த வழி என்றாலும் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கவனிக்கிறார்கள். வெந்நீர்க் குளியல் அப்படிப்பட்ட வழிகளில் மிகப் பழையது.

எவ்வளவு பழையது என்றால், டாக்ஸ் ஊரில் ரோமானியர் காலத்துக் கதை ஒன்று சொல்கிறார்கள். போருக்குக் கிளம்பிய வீரர் ஒருவரிடம் மூட்டு வலியால் நடக்க முடியாத கிழட்டு நாய் ஒன்று இருந்ததாம். கூட்டிப் போகவும் முடியாமல், விட்டுப் போகவும் மனமில்லாமல் அதை ஆற்றில் வீசிவிட்டுப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் நாய் துள்ளி ஓடி வந்ததாம். ஆற்றங்கரைச் சூட்டுச் சேற்றில் கிடந்ததுதான் காரணம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், நல்ல விளம்பரம்!

அரசு எப்படிப் பணம் தருகிறது?

பிரான்ஸில் இந்தச் சிகிச்சை 18 நாள் கணக்கு. ஞாயிறு தவிர்த்து மூன்று வாரம். டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், காப்பீட்டு அலுவலகம் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறைதான். குளியல் நிலையக் கட்டணத்தில் 65 சதவீதம் காப்பீட்டில் வரும். தங்குமிடம், பயணம், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் நோயாளியின் பொறுப்பு. வருமானம் குறைந்தவர்களுக்கு அதிலும் ஓரளவு உதவி உண்டு. இத்தாலியிலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கே ஒரு சுற்று என்பது 12 அமர்வுகள்.

மக்கள் வரிப்பணம் செலவாகிறது என்றால் கேள்வியும் வரும். "இது வைத்தியமா, அரசு செலவில் விடுமுறையா?" என்ற கேள்வி பிரான்ஸில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

462 பேர், மூன்று ஊர்கள், ஒரு பெரிய ஆய்வு

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஆய்வுகளில் முக்கியமானது தெர்மார்த்ரோஸ். ரொமேன் ஃபொரெஸ்தியே என்ற மூட்டு நோய் மருத்துவர் தலைமையில் எக்ஸ்-லெ-பான், பலாரூக், டாக்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் நடந்தது. முடிவுகள் 2010ல் மருத்துவ இதழில் வெளியாகின. முட்டித் தேய்மானம் உள்ள 462 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள்.

இரண்டு குழுவும் வழக்கமான மருந்தைத் தொடர்ந்தது. இரண்டு குழுவுக்கும் வீட்டில் செய்யும் முட்டிப் பயிற்சியும் கற்றுத் தரப்பட்டது. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக 18 நாள் ஸ்பா சிகிச்சை. தண்ணீர்ப் பீய்ச்சல் குளியல், தண்ணீருக்குள் பிசியோதெரபிஸ்ட் செய்யும் மசாஜ், முட்டி மீது 45 டிகிரி சூட்டில் சேற்றுப் பற்று, குளத்தில் சிறு குழுவாகப் பயிற்சி. இவை நான்கும் சேர்ந்ததுதான் அந்தச் சிகிச்சை.

ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். "வலி கொஞ்சம் பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் அதை வெற்றியாக எழுதிக்கொள்ளவில்லை. வலியை 100க்கு அளந்தால் சுமார் 20 புள்ளியாவது குறைந்திருக்க வேண்டும். அல்லது நடப்பது, படியேறுவது போன்ற அன்றாட வேலைகளில் 100க்கு சுமார் 9 புள்ளியாவது முன்னேற்றம் தெரிய வேண்டும். இடையில் முட்டி ஆபரேஷனும் செய்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால்தான் 'பலன் கிடைத்தவர்'.

ஸ்பா குழுவில் அப்படிப் பலன் கிடைத்தவர்கள் கிட்டத்தட்ட 51 சதவீதம். மற்றக் குழுவில் 36 சதவீதம்.

இந்த எண்ணை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்பா போனவர்களில் பாதிப் பேருக்குப் பலன் என்று சொல்லி விளம்பரம் செய்யலாம். ஆனால் ஸ்பா போகாமல், வீட்டுப் பயிற்சியோடு வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களிலேயே 100க்கு 36 பேருக்கு அதே பலன் கிடைத்திருக்கிறது. ஸ்பா கூடுதலாகச் சேர்த்தது 100க்கு 14, 15 பேரைத்தான். அதாவது ஏழு பேர் மூன்று வாரம் போய் வந்தால், அவர்களில் ஒருவருக்கு ஸ்பாவால் கூடுதல் பலன். மூட்டு வலி உலகத்தில் இது அற்பமான எண் இல்லை. ஆறு மாதம் தாங்கியது என்பதும் சாதாரணமில்லை. ஆனால் இது அதிசயமும் இல்லை.

இன்னொரு விஷயம் அதே ஆய்வில் இருக்கிறது, விளம்பரங்களில் இருக்காது. ஆறு மாதத்தில் இரண்டு குழுவின் பொதுவான வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. "இப்போது இருக்கும் நிலை எனக்குப் போதும்" என்று சொல்லும் அளவுக்கு நிம்மதி அடைந்தவர்களின் எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை.

நிதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெந்நீர் ஊற்று ஆராய்ச்சிக்காகவே 2004ல் பிரான்ஸில் தொடங்கப்பட்ட அஃப்ரெத் என்ற அமைப்புதான் நிதி கொடுத்தது. அதற்குப் பணம் வருவது குளியல் நிலைய உரிமையாளர்கள் தரப்பிலிருந்து. அதனாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. பாதகமான முடிவுகளும் சேர்த்தே வெளியாகியிருக்கின்றன. ஆனாலும் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

குறைப்பது தண்ணீரா, ஓய்வா?

இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மாத்திரை ஆய்வு என்றால் ஒருவருக்கு நிஜ மாத்திரை, இன்னொருவருக்கு மாவு மாத்திரை கொடுத்து யாருக்கு எது என்று சொல்லாமல் மறைக்கலாம். குளத்தில் இறங்கியவரிடம் "நீங்கள் குளத்தில் இறங்கவில்லை" என்று சொல்ல முடியுமா? மூன்று வாரம் சமையல் இல்லை, வீட்டு வேலை இல்லை, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இல்லை. தினமும் யாரோ ஒருவர் முட்டியைத் தொட்டுப் பார்த்து "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். இதிலேயே பாதி வலி போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு குழுவைக் கனிம வெந்நீரில் உட்கார வைத்தார்கள். இன்னொரு குழுவைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கி அதில் உட்கார வைத்தார்கள். எது எது என்று சொல்லவில்லை. இப்படி நடந்த சில ஆய்வுகளில் கனிம நீர்க் குழு சற்று முன்னே நின்றது. ஆனால் எல்லாமே சிறிய ஆய்வுகள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இந்தத் துறையில் அதுவரை நடந்த 7 ஆய்வுகளை, மொத்தம் 498 பேரின் விவரங்களை, 2007ல் அலசியது. கனிமக் குளியலுக்குச் சாதகமான அறிகுறிகள் இருக்கின்றன. ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்பதுதான் அதன் முடிவு.

கனிமத்தை ஒதுக்கிவிட்டாலும் வெந்நீருக்கென்று சில குணங்கள் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் தாங்கும் எடை சுமார் பாதியாகிவிடும். மார்பளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. 80 கிலோ எடையுள்ளவரின் முட்டி, மார்பளவுத் தண்ணீருக்குள் 27 கிலோக்காரரின் முட்டி போல நடக்கலாம். சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும். தரையில் பத்தடி நடக்கத் தயங்குபவர் தண்ணீருக்குள் அரை மணி நேரம் கால் வீசிப் பயிற்சி செய்ய முடிவது இதனால்தான். அந்தப் பயிற்சிதான் இளைத்த தொடைத் தசைக்கு வேலை கொடுக்கிறது.

தண்ணீருக்குள் செய்யும் பயிற்சியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, 13 ஆய்வுகளில் 1,190 பேரின் விவரங்களை 2016ல் காக்ரேன் பார்த்தது. முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலியில் சிறிய அளவில், குறுகிய காலத்துக்குப் பலன் இருந்தது. 100க்கு சுமார் 5 புள்ளி. இதற்கு வெந்நீர் ஊற்று தேவையில்லை, நீச்சல் குளம் போதும்.

சரி, நம்ம ஊருக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும்?

தமிழ்நாட்டில் பிரான்ஸ் மாதிரியான வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை நிலையங்கள் இல்லை. நம்மவர்களுக்குப் பழக்கமான வெந்நீர் ஊற்று என்றால் இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலிருக்கும் கன்னியா. ஏழு கிணறு. அங்கே வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். உடம்புக்கு இதமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் முழுகி நிற்காததால் தண்ணீர் எடையைத் தாங்குவதும் இல்லை, உள்ளே பயிற்சியும் இல்லை. ஆய்வு செய்யப்பட்ட சிகிச்சை வேறு, இது வேறு.

சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நீர் சிகிச்சை, மண் சிகிச்சை தருகிறார்கள். தனியார் இயற்கை மருத்துவ மையங்களும் நிறைய. தனியாரில் சில நாள் தங்கும் பேக்கேஜுக்குப் பெரிய தொகை கட்டுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது. முட்டிக்கு எத்தனை நாள், தினமும் என்னென்ன? பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா? தண்ணீருக்குள் பயிற்சி உண்டா, வெறும் குளியல்தானா? வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார்களா? "குருத்தெலும்பு திரும்ப வளரும்", "ஆபரேஷனே தேவைப்படாது" என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அப்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை.

செலவு செய்ய முடியாதவர்கள் எதையோ இழந்துவிட்டதாக நினைக்கத் தேவையில்லை. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு முதலில் வைப்பது பயிற்சியையும் உடல் எடையையும்தான். அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதலும் இவற்றையே வலுவாகச் சொல்கிறது, கூடவே கைத்தடியையும். சர்வதேச ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் ஆராய்ச்சிச் சங்கமான ஓஏஆர்எஸ்ஐ 2014ல் கனிமக் குளியலைப் பொருத்தமானது என்று சொன்னது, பல மூட்டுகளில் தேய்மானமும் கூடவே வேறு நோய்களும் உள்ளவர்களுக்கு மட்டும். மாத்திரையும் அறுவை சிகிச்சையும் ஆபத்தானவர்களுக்கு ஒரு வழி வேண்டுமே என்பதுதான் அதன் பின்னணி என்று புரிந்துகொள்ளலாம்.

பயிற்சி என்றால் ஜிம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து, மெதுவாக இறக்குவது. ஒரு காலுக்குப் பத்து முறை. படுத்துக்கொண்டு முட்டியை மடக்காமல் காலைத் தூக்கி இறக்குவது. ஆரம்பத்தில் லேசாக வலிக்கலாம், அதற்காக மூட்டு கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. எடையைப் பொறுத்தவரை, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி மீதான சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2005ல் கணக்கிட்டது. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். பகுதி சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்க மட்டும் இந்தத் திட்டத்தைப் பயன்படுத்துபவர்கள் முட்டி வலியைப் பற்றியும் வாய் திறந்து சொன்னால் நல்லது. வயதானால் வருவதுதானே என்று பலர் சொல்வதே இல்லை.

சூடு என்பதற்காக வீட்டில் வெந்நீர்ப் பையும் வைக்கலாம். துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். இதமாகிவிட்ட அந்த நேரத்திலேயே பயிற்சியைச் செய்தால் எளிதாக இருக்கும்.

யாருக்கு வெந்நீர் ஆகாது?

நீண்ட நாள் சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் முதலில் கவனமாக இருக்க வேண்டும். 45 டிகிரிச் சேறோ வெந்நீர்ப் பையோ தோலைச் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெந்நீர்த் தொட்டியில் இறங்கக் கூடாது. சூட்டில் ரத்த நாளங்கள் விரிவதால் எழுந்திருக்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். ஈரத் தரையில் விழுந்தால் முட்டி வலியோடு இடுப்பு எலும்பு முறிவும் சேர்ந்துவிடும். காலில் ஆறாத புண், காய்ச்சல், காலில் ரத்தம் உறைந்திருப்பது ஆகியவை இருந்தாலும் வேண்டாம்.

பிரஷர் மாத்திரையையோ வலி மாத்திரையையோ ஸ்பா சிகிச்சை நாட்களில் தானாக நிறுத்திவிடுவதும் தவறு. தெர்மார்த்ரோஸ் ஆய்வில் இருந்தவர்களும் வழக்கமான மருந்தைத் தொடர்ந்தபடிதான் குளித்தார்கள்.

முட்டி திடீரென்று சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது, கூடவே காய்ச்சலும் இருக்கிறது என்றால் அது தேய்மான வலி இல்லை. மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். பற்று, தைலம், வெந்நீர் எதுவும் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.